வக்யூம் அவன் சரியாக இழுக்காவிட்டால்: முள்ளைப் பார்த்துப் பழுது பிடிக்கிற முறை

வக்யூம் அவன் என்றால் உள்ளே இருக்கிற காற்றைப் பம்பால் இழுத்துவிட்டு, வைத்த பொருளை (அதைத்தான் மாதிரி என்போம்) குறைந்த சூட்டில் உலர்த்துகிற ஆய்வுகூடப் பெட்டி. யாராவது வந்து "அண்ணன், வக்யூம் அவன் பழுது, பம்ப் போயிற்று" என்று சொன்னால் நான் முதலில் கேட்பது வெற்றிட மானியின் முள் எங்கே நிற்கிறது என்றுதான். பெரும்பாலும் பம்ப் போயிருக்காது. கதவு றப்பரில் ஒரு சிட்டிகை அரிசி மா ஒட்டியிருக்கும், குழாய் வெடித்திருக்கும், இல்லாவிட்டால் பம்பின் ஒயில் பால் விட்ட தேநீர் மாதிரி வெளுத்திருக்கும். இது தெரியாமல் கொழும்பிலிருந்து ஆளை வரவழைத்து, வந்தவர் ஒரு சீலைத்துண்டால் றப்பரைத் துடைத்துவிட்டு வந்துபோன காசையும் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காசுக்கு ஒரு வருடத்துக்கான ஒயில் வாங்கியிருக்கலாம்.

நான் மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எங்கள் அவனில் கூடுதலாக உலர்வது அரிசி மா, முருங்கையிலைத் தூள், கஜு, பனங்கட்டி. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற ஊர் என்பதால் உப்புக்காற்று ஒரு பக்கம், மாரியில் சுவரே வியர்க்கிற ஈரம் இன்னொரு பக்கம், இரண்டும் இந்த இயந்திரத்துக்கு ஆகாது. ஒலுவில், சம்மாந்துறைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

கீழே சொல்கிற எண்கள் கதவுக்கு மேலே இருக்கிற சாதாரண முள் மானிக்கு உரியவை. 0 என்றால் வெளிக்காற்று, 760 மி.மீ. இரசம் என்றால் கிட்டத்தட்ட முழு வெற்றிடம். சில மானிகளில் அதே இடம் 0.1 மெகாபாஸ்கல் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

## எதையும் தொடுவதற்கு முன் கண்ணாடியைப் பாருங்கள்

கதவுக் கண்ணாடி 30 சென்ரிமீற்றர் சதுரம் என்று வையுங்கள். முழு வெற்றிடத்தில் அதன் மேல் வெளிக்காற்று அழுத்துகிற பாரம் 900 கிலோவுக்கு மேல். ஒரு கீறல், விளிம்பில் ஒரு சிறு உடைவு கண்ணில் பட்டால் அந்த அவனில் வெற்றிடம் எடுக்கவே கூடாது. ஒட்டுவதோ டேப் போடுவதோ வேண்டாம். வெளியே பிளாஸ்டிக் தடுப்பு பூட்டி வந்திருந்தால் அதைத் துடைக்க வசதி இல்லை என்று கழற்றி வைக்காதீர்கள். கண்ணாடி மாற்றுவது கம்பனி ஆளின் வேலை, அதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

## அறிகுறி 1: முள் 760 வரை போகவில்லை

அவனை வெறுமையாக்கி, உள்ளே ஈரம் இல்லாமல் துடைத்து, சூடு ஆறிய பிறகு சோதியுங்கள். ஈரமான மாதிரி உள்ளே இருந்தால் அதிலிருந்து வருகிற நீராவியே முள்ளைத் திருப்பும், நீங்கள் இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கதவைத் திறந்து வைத்து முள் 0இல் நிற்கிறதா பாருங்கள். 0இல் நிற்காவிட்டால் பழுது மானியில்தான், மானியை மாற்றினால் சரி. மலைநாட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று: 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் இதே அவன், இதே பம்ப், 610 அளவில் நின்றுவிடும். அங்கே காற்றழுத்தமே அவ்வளவுதான், பழுதில்லை. நாங்கள் கடல் மட்டத்தில் இருப்பதால் எங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை, முள் 760ஐ ஒட்டி வரத்தான் வேண்டும்.

பம்பை ஓடவிட்டு, முள் போகிற வரைக்கும் போகட்டும். பிறகு அவனிலிருந்து பம்புக்குப் போகிற வால்வைப் பூட்டிவிட்டு முள் நிற்கிற இடத்தைப் பேனாவால் கண்ணாடியில் குறியுங்கள். 10 நிமிடம் காத்திருங்கள். இந்த ஒரு சோதனைதான் வீட்டை இரண்டாகப் பிரிக்கிறது: வால்வுக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் குழாயும் பம்பும்.

### முள் திரும்பி 0ஐ நோக்கி வருகிறது: ஓட்டை அவன் பக்கம்

செலவில்லாதது கதவு றப்பர், அதிலிருந்தே தொடங்குங்கள். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து நான்கு பக்கமும் பாருங்கள், நேராகப் பிடித்தால் எதுவும் தெரியாது. ஒரு தடவை நான் அரை நாள் தேடிக் கடைசியில் கீழ் மூலையில் கண்டது ஒரு தலைமயிர். மயிரின் இரண்டு பக்கத்திலும் றப்பர் சரியாகப் படியாமல் ஊசி மொத்தத்துக்கு ஒரு வழி, அவ்வளவுதான், முள் 10 நிமிடத்தில் 200க்கு மேல் திரும்பிவிட்டது. ஐசோபுரொப்பைல் அற்ககோல் நனைத்த சீலையால் றப்பரையும், அது போய்ப் படிகிற உலோக விளிம்பையும் துடையுங்கள். விளிம்பை மறந்துவிடுகிறவர்கள் அதிகம்.

றப்பருக்குக் கிறீஸ் பூசாதீர்கள். இந்தக் கதவு றப்பர் பெரும்பாலும் சிலிக்கோன், சிலிக்கோன் கிறீஸ் பட்டால் அது ஊதிப்போகும், பிறகு அதற்குரிய பள்ளத்தில் இருக்காது. பூசிய அன்று நன்றாகப் பிடிக்கும், அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

துடைத்தும் சரிவரவில்லை என்றால் கடதாசிச் சோதனை. விரல் அகலத்தில் ஒரு கடதாசித் துண்டைக் கதவுக்கும் றப்பருக்கும் நடுவில் வைத்துப் பூட்டி மெதுவாக இழுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பிடிக்க வேண்டும். பிணைச்சல் பக்கம் இறுக்கமாகவும் கைபிடிப் பக்கம் சும்மா உருவிக்கொண்டும் வந்தால் கதவு சரிந்திருக்கிறது, பிணைச்சல் திருகாணியைச் சரி செய்யலாம். எல்லாப் பக்கமும் உருவிக்கொண்டு வந்தால் றப்பர் தட்டையாகிவிட்டது. அதைக் கழற்றித் திருப்பிப் போட்டுக் கொஞ்சக் காலம் ஓட்டலாம், ஆனால் புதியதற்குச் சொல்லி வைத்துவிடுங்கள். இன்னொன்று, சில அவன்களில் பம்ப் தொடங்கும்போது கதவைக் கையால் ஒரு தரம் அழுத்திப் பிடிக்க வேண்டும், வெற்றிடம் பிடித்துக்கொண்ட பிறகு வெளிக்காற்றே கதவை அமத்திக்கொள்ளும். அதனால் கைபிடியை முறுக்கி முறுக்கி இறுக்குவதில் பயனில்லை, தாழ்ப்பாள்தான் வளையும்.

அடுத்தது காற்று விடுகிற வால்வு. பம்ப் ஓடும்போது அதன் வாயில் விரலை வையுங்கள், இழுப்பது தெரிந்தால் வால்வு பூட்டவில்லை. பெரும்பாலும் உள்ளே தூள் போய் இருக்கும். கழற்றிக் கழுவிக் காயவைத்து, ஓ-ரிங் (உள்ளே இருக்கிற வட்ட றப்பர் வளையம்) வெடித்திருந்தால் மாற்றிப் பூட்டுங்கள். அதே அளவு ஓ-ரிங் நல்ல ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும்.

அதற்குப் பிறகு மானி பூட்டிய இடம், பின்பக்க இணைப்புகள். இங்கே சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிறார்கள். வராது. கேஸ் சிலிண்டரில் காற்று வெளியே வரும், அதனால் குமிழி வரும். இங்கே காற்று உள்ளே போகிறது, நீங்கள் பூசிய தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதற்குப் பதிலாகச் சந்தேகப்படுகிற இணைப்பைப் பாராபிலிமால் (இழுத்தால் நீளுகிற மெழுகுத் தாள்) இறுக்கிச் சுற்றுங்கள், அல்லது பிள்ளைகள் விளையாடுகிற பிளாஸ்டிசீனை அமத்தி ஒட்டுங்கள். திரும்பவும் 10 நிமிடச் சோதனை. முள் இந்த முறை நின்றால் இடம் அதுதான். இந்த அளவு தேடியும் பிடிபடவில்லை என்றால் ஓட்டை உள்பெட்டியின் வெல்டிங்கிலோ சூட்டை அளக்கிற உணரி நுழைகிற துவாரத்திலோ இருக்கலாம். அங்கே நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள்.

### முள் குறித்த இடத்திலேயே நிற்கிறது, ஆனால் ஆழம் போதாது: பழுது பம்ப் பக்கம்

குழாயைக் கழற்றி மடித்துப் பாருங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இந்தப் பக்கத்து வெக்கையில் றப்பர் குழாய் காய்ந்து, நேராக இருக்கும்போது தெரியாத கோடுகள் மடிக்கும்போது வாயைத் திறக்கும். நுனியில் மட்டும் வெடித்திருந்தால் இரண்டு சென்ரிமீற்றர் வெட்டிவிட்டுத் திரும்பப் பூட்டலாம். மெல்லிய குழாய் போட்டிருந்தால் அது உள்ளே சப்பி ஒட்டிக்கொள்ளும், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய் இதற்குச் சரிவராது, தடித்த சுவர் உள்ள வக்யூம் குழாய்தான் வேண்டும்.

குழாய் நல்லது என்றால் ஒயில். பம்பின் சிறு கண்ணாடியில் மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும், நிறம் தெளிவாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கொஞ்சம்தான் வெளுத்திருக்கிறது என்றால் கேஸ் பலாஸ்ட் வால்வை (பம்புக்குள் கொஞ்சம் வெளிக்காற்றை விடுகிற சிறு வால்வு) திறந்து, அவன் பக்கத்தைப் பூட்டி, பம்பை அரை மணித்தியாலம் சும்மா ஓடவிடுங்கள், சூட்டில் நீர் ஆவியாகிப் போய் ஒயில் தெளிந்து வரும். தெளியாவிட்டால் மாற்றுங்கள். பம்ப் சூடாக இருக்கும்போதே வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். கொஞ்சம் புது ஒயில் விட்டு ஐந்து நிமிடம் ஓட்டி அதையும் வடித்துவிட்டு, பிறகு முழு அளவு ஊற்றுங்கள். வக்யூம் பம்ப் ஒயில் மட்டும்தான். மோட்டார் சைக்கிள் ஒயில் விட்ட பம்பைத் திறந்து பார்த்திருக்கிறேன், உள்ளே முழுக்கப் பசை.

புது ஒயில் விட்டு, மானியை நேரே பம்பின் வாயில் பூட்டிப் பார்த்து, அப்போதும் முள் போக வேண்டிய இடத்துக்குப் போகாவிட்டால் உள்ளே இருக்கிற தகடுகள் தேய்ந்திருக்கலாம். இப்போதுதான் "பம்ப் போயிற்று" என்று சொல்ல வேண்டிய நேரம்.

## அறிகுறி 2: வெற்றிடம் நன்றாக இருக்கிறது, மாதிரி உலரவில்லை

இது மாணவர்களை அழவைக்கிற பழுது, உண்மையில் பழுதே இல்லை. சாதாரண அவனில் சூட்டைச் சுமந்து வருவது காற்று. இங்கே காற்றை எடுத்துவிட்டோம். சூடு தட்டிலிருந்து பாத்திரத்துக்கு, பாத்திரத்திலிருந்து மாதிரிக்கு, தொட்டுத் தொட்டுத்தான் போக வேண்டும். அதனால் முதலில் பாத்திரத்தைத் தூக்கிப் பாருங்கள். அடியில் வடிதாள், திசுக் கடதாசி, அலுமினியத் தாள் மடிப்பு, எது இருந்தாலும் எடுங்கள். தடித்த கண்ணாடிக் கிண்ணத்துக்குப் பதிலாகத் தட்டையான அலுமினியக் கிண்ணம். மாதிரி மெல்லிய படையாக. ஒரு தங்கச்சி முருங்கையிலைத் தூளைக் கிண்ணத்தின் விளிம்பு வரை நிரப்பி இரண்டு நாள் காத்திருந்தாள், மேலே பொரிந்து, நடுவில் விரல் வைத்தால் குளிர்ச்சியாக இருந்தது. அதே தூளை ஐந்து கிண்ணங்களில் பரப்பினோம், ஒரே இரவில் முடிந்தது.

அடுத்து, திரையில் தெரிகிற சூட்டை நம்பாதீர்கள். நிறைய அவன்களில் உணரி பெட்டியின் சுவரில் இருக்கும், தட்டில் இருக்காது. ஒரு கிண்ணத்தில் மணல் போட்டு வெப்பமானியைக் குத்தி, கண்ணாடி வழியே தெரிகிற மாதிரி தட்டில் வைத்து, வெற்றிடத்தில் இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். திரை 70 காட்டும்போது மணல் 61இல் நின்றால் அந்த வித்தியாசத்தை அவனிலேயே ஒரு கடதாசியில் எழுதி ஒட்டிவிடுங்கள். மேல் தட்டு, கீழ்த் தட்டு இரண்டுக்கும் தனித்தனியாக.

கண்ணாடியின் உள்பக்கம் துளிகள் தெரிகிறதா? அப்படியென்றால் நீராவி போக வழியில்லை. வெற்றிடம் எடுத்துவிட்டு வால்வைப் பூட்டி, கரண்ட் மிச்சம் பிடிக்கிறோம் என்று பம்பை நிறுத்திவிடுகிறார்கள். 60 பாகையில் நீரின் ஆவியழுத்தம் மட்டும் 150 மி.மீ. அளவு வரும், முள் திரும்பி 610இல் வந்து நின்றுவிடும், உலர்வதும் அத்தோடு நிற்கும். முதல் சில மணித்தியாலம் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும், அவனுக்கும் பம்புக்கும் நடுவில் குளிர்பொறி (நீராவியைக் குளிரவைத்துப் பிடிக்கிற பாத்திரம்) வைத்து. ஐஸும் உப்பும் போட்ட வாளிகூட ஒன்றும் இல்லாததற்கு எவ்வளவோ மேல்.

கேட்பவர்களுக்காக: முள் 660ஐத் தாண்டினால் உள்ளே 100 மி.மீ.க்குக் கீழே. அங்கே தண்ணீர் 52 பாகை அளவிலேயே கொதிக்கும். பழம், பனங்கட்டி மாதிரி இனிப்புச் சாமான்களுக்கு 70 பாகையும் இந்த அழுத்தமும் போதும். அவசரப்பட்டு 100க்கு ஏற்றினால் சீனி கருகி, அந்த எடை இழப்பையும் ஈரம் என்று கணக்கு எழுதுவீர்கள்.

## அறிகுறி 3: வெளியே எடுத்த பிறகு நிறை ஏறிக்கொண்டே போகிறது

மார்கழி மாதம் தராசில் வைத்தால் கடைசி எண் கண்முன்னே ஏறும். தராசில் குற்றமில்லை, மாதிரி எங்கள் காற்றைக் குடிக்கிறது. காற்று விடுகிற வால்வில் சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாய் ஒன்றைப் பூட்டி, அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். நீலம் இளஞ்சிவப்பாக மாறிவிட்டால் 110 பாகையில் சில மணித்தியாலம் சூடாக்கி எடுங்கள். கதவைத் திறந்ததும் மூடிபோட்டு நேரே டெசிக்கேற்றருக்கு (அடியில் ஜெல் போட்ட, ஈரம் புகாத பாத்திரம்). மூடியை அவனுக்குள்ளேயே கிண்ணத்தின் பக்கத்தில் வைத்திருந்தால் தேட வேண்டியதில்லை. டெசிக்கேற்றரின் ஜெல்லையும் பாருங்கள், அதை மறந்துபோய் அவனைத் திட்டுவார்கள்.

## அறிகுறி 4: மாதிரி பொங்கிவிட்டது, தூள் பறந்துவிட்டது

பொங்கியது என்றால் வெற்றிடத்தை வேகமாக எடுத்திருக்கிறீர்கள். வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள், கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே. பாணி மாதிரியானவற்றை முதலில் சாதாரண அவனில் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, கழுவிக் காயவைத்த மணலோடு கலந்து வைத்தால் பொங்காது. பறந்தது என்றால் காற்றை வேகமாக விட்டிருக்கிறீர்கள். ஊசித் துளை போட்ட அலுமினியத் தாளால் மூடுங்கள், வால்வை மயிரிழை அளவு திறந்துவிட்டுப் பொறுமையாக நில்லுங்கள்.

## அறிகுறி 5: அவனுக்குள் ஒயில்

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம் கரண்ட் போனது. திரும்பி வந்து பார்த்தால் குழாயின் வழியே பழுப்பு நிறத்தில் ஒயில் ஏறி வந்து, தட்டின் பின்பக்கமாக வழிந்து, கீழ்த் தட்டில் இருந்த பன்னிரண்டு கிண்ணப் பனங்கட்டியிலும் கண்ணாடி மாதிரி ஒரு படை. அந்தப் பிள்ளையின் மூன்று கிழமை வேலை. அவள் ஒரு வார்த்தை பேசாமல் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பம்ப் நிற்கும்போது வால்வு திறந்திருந்தால் அவனின் வெற்றிடம் பம்பின் ஒயிலை இழுக்கும், இதுதான் நடந்தது. நிறுத்துகிற வரிசை இப்படி: முதலில் அவன் வால்வைப் பூட்டு, பிறகு பம்ப் பக்கத்துக் குழாயில் காற்றை விடு, கடைசியாகப் பம்ப் சுவிட்ச். இதைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆனால் கரண்ட் வரிசை பார்த்துப் போகாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டிய காலத்தை மறக்க முடியுமா? அதனால் கரண்ட் போனால் தானாகப் பூட்டிக்கொள்கிற சொலினோயிட் வால்வு ஒன்றைக் குழாயின் நடுவில் போடுங்கள். அதுவரைக்கும், குழாயில் ஒரு வெறும் வக்யூம் பிளாஸ்க்கை (தேநீர் பிளாஸ்க் இல்லை, ஆய்வுகூடத்துத் தடித்த கண்ணாடிக் குடுவை) பூட்டி வையுங்கள், வருகிற ஒயில் அதில் விழட்டும். தடித்த வக்யூம் பிளாஸ்க், சாதாரணப் போத்தல் உடைந்து தெறிக்கும்.

ஏறிவிட்ட ஒயிலைத் துடைத்து, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, அற்ககோலால் துடைத்து, கதவைத் திறந்து வைத்து வாசம் முழுதாகப் போன பிறகு மட்டுமே சூடாக்குங்கள். வெறும் அவனை ஓர் இரவு வெற்றிடத்தில் 100 பாகையில் ஓட்டி, வெறும் கிண்ணத்தின் நிறை மாறாமல் வந்தால்தான் அடுத்த மாதிரி.

## அறிகுறி 6: சூடு சொன்னபடி கேட்கவில்லை

### குறித்ததைத் தாண்டிப் போகிறது

தாண்டிப்போய்த் தானாகத் திரும்பி வந்தால் பயமில்லை, வெற்றிடத்தில் சூடு மெதுவாகத்தான் இறங்கும், சில மணித்தியாலம் முன்பே சூடாக்கி வைத்தால் சரி. திரும்பாமல் ஏறிக்கொண்டே போனால் சூடாக்கி விளக்கைப் பாருங்கள். விளக்கு அணைந்திருக்கிறது, சூடு ஏறுகிறது என்றால் ரிலே (சூடாக்கிக்குக் கரண்டைப் போட்டு நிறுத்துகிற உள் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டுவிட்டது. பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் போடாமல் விட்டால் போதாது. இதற்கு மேல் உங்கள் வேலை இல்லை.

### சூடே வரவில்லை

மேலதிகச் சூட்டுப் பாதுகாப்புக் குமிழை யாராவது குறைத்து வைத்திருப்பார்கள். பிறகு பியூஸ். அதற்குப் பிறகு பிளக் போட்ட இடத்தில் வோல்டேஜ், 230க்கு வெகு கீழே இருந்தால் அவனில் தேடாதீர்கள்.

### ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

பம்பையும் அவனையும் தனித்தனியாகப் போட்டு எது விழுத்துகிறது என்று பாருங்கள். மாரி முழுக்கப் போடாமல் வைத்திருந்த அவன் என்றால் சூடாக்கிக் கம்பியைச் சுற்றியிருக்கிற தூள் ஈரத்தை இழுத்திருக்கும். வயரிங் தெரிந்தவர் இன்சுலேஷனை அளந்து பார்த்து, ஈரம்தான் என்றால் காயவைத்துத் தருவார். எர்த் வயரைக் கழற்றிவிட்டால் ட்ரிப் விழாது என்று சொல்லிக்கொண்டு வருகிற ஆளை உள்ளே விடாதீர்கள். அடுத்து அந்தக் கதவைத் தொடுகிறவர் உயிரோடு இருக்க வேண்டும்.

## அறிகுறி 7: பம்ப் சத்தம், புகை

தொடங்கிய சில நிமிடம் வெள்ளைப் புகை மாதிரி வருவது ஒயில் தூறல், அது வழமை. நிற்காமல் வந்தால் ஒயில் கூடவோ, எங்கோ காற்று இழுக்கிறதோ, அறிகுறி 1க்குப் போங்கள். உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே நிறுத்துங்கள், கப்பாசிற்றராக இருக்கலாம், மோட்டார் மெக்கானிக்கே மாற்றிவிடுவார். இரும்பு உரசுகிற சத்தம் என்றால் திறக்காமல் அனுப்புங்கள்.

ஹெக்சேன், ஈதர், அசற்றோன் மணம் வருகிற மாதிரியை வைத்து இந்தச் சத்தங்களை ஆராயக் கூடாது. அவனை அணைத்து, ஆறவிட்டு, பம்பின் புகைவாய் வெளியே போகிறதா என்று உறுதி செய்த பிறகுதான் மற்றது.

ஆளைக் கூப்பிடுவதாக முடிவெடுத்தால் போனில் இதையெல்லாம் சொல்லுங்கள்: வெறும் அவனில் முள் எங்கே போய் நின்றது, வால்வைப் பூட்டி 10 நிமிடத்தில் எவ்வளவு திரும்பியது, மானியை நேரே பம்பில் பூட்டினால் எவ்வளவு, ஒயில் கடைசியாக எப்போது மாற்றியது, றப்பரின் நீள அகலம். பின்பக்கத்து உலோகத் தகட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். அப்போதுதான் வருகிறவர் சரியான றப்பரையும் ஓ-ரிங்கையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார்.